சலேம் வக்கீலும் பள்ளிவாசல் படியும்: கொச்சி யூதர்களிடம் தலைமை பற்றி என்ன கேட்கலாம்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகக் கொஞ்சம் சுருக்கியும் ஒழுங்குபடுத்தியும் இருக்கிறோம்.)

ஊத்துக்குளியில இருந்து பேசறேன். பின்னாடி லேசா ஒரு ரயில் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, அது இன்னைக்குக் கதைக்குள்ளேயே வருது. நம்ம ஸ்டேஷன் இருக்கிற அதே லைன்தான் திருப்பூர், போத்தனூர், பாலக்காடு வழியா எர்ணாகுளம் வரைக்கும் போகுது. அங்கே இருந்து கொஞ்சம் தள்ளினா மட்டாஞ்சேரி. இன்னைக்கு எபிசோட் அங்கே வாழ்ந்த யூதர்களைப் பற்றி. குறிப்பா, அவங்களுக்குத் தலைவர்களா இருந்தவங்களைப் பற்றி.

"யூதர்கள்னா இஸ்ரேல், அமெரிக்கா, ஹிட்லர். அதுல கொங்கு நாட்டுக்காரனுக்கு என்ன வேலை?"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா நம்ம ஊருக்குப் பக்கத்துல நொய்யல் கரையில கொடுமணல் இருக்கு. 2,000 வருஷம் முன்னாடி அங்கே கல்மணி பட்டை தீட்டினாங்க. அந்தச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா முசிறித் துறைமுகத்துக்குப் போச்சு, அங்கேயிருந்து ரோமாபுரிக்கு. அந்த முசிறி இருந்த கொடுங்கல்லூர் பக்கம்தான் கேரள யூதர்கள் தங்களோட முதல் ஊர்னு சொல்ற இடம். ஆக, பாதை பழசு. நாமதான் மறந்துட்டோம்.

செப்பேட்டுல ஒரு பாவாடை

கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் ஒரு செப்பேடு கொடுக்கிறார். பெற்றுக்கொண்டவர் பெயர் அதுல 'இசுப்பு இரப்பான்'. இன்னைக்கு வரலாற்றுப் புத்தகங்கள்ல ஜோசப் ரப்பான். எழுத்து வட்டெழுத்து. மொழி? மலையாளம் தமிழ்ல இருந்து இன்னும் முழுசாப் பிரியாத காலத்து மொழி. அதைப் படிச்சுக் காட்டினா நமக்குப் பாதிக்கு மேல புரியும்.

அதுல 72 உரிமைகள் கொடுக்கப்படுது. வரி விலக்கு, பகல்ல விளக்கு ஏந்திப் போறது, பல்லக்கு, குடை, தோரணம், இப்படி. நடுவுல 'பாவாடை'ன்னு ஒரு சொல். சிரிக்காதீங்க. இது உடுத்தற பாவாடை இல்லை, பெரிய மனுஷங்க நடந்து வர்ற வழியில தரையில விரிக்கிற துணி. பனியன் ஊர்க்காரங்க நாம, துணி விஷயம் வந்தா காது தானா நிமிரும் இல்லையா? ஒரு முழம் துணியை எங்கே விரிக்கலாம், எங்கே விரிக்கக் கூடாதுங்கறதுகூட அன்னைக்கு அரசன் எழுதிக் கொடுக்க வேண்டிய உரிமை.

பிற்காலக் கதைகள்ல ஜோசப் ரப்பான் கொடுங்கல்லூர் யூதர்களுக்கு 'ராஜா'வா ஆயிடறார். செப்பேடு அப்படிச் சொல்லலை. அவருக்குக் கிடைச்சது 'அஞ்சுவண்ணம்'. அது கடல் வணிகர்களோட ஒரு சங்கம். அதுக்கு 150 வருஷம் முந்தி, கி.பி. 849 கொல்லத்துச் செப்பேட்டுலயும் இந்த அஞ்சுவண்ணம் வருது. அந்தச் செப்பேடு கிறிஸ்தவர்களோட தரிசாப்பள்ளிக்குக் கொடுத்தது. சாட்சிக் கையெழுத்துகள் அரபு எழுத்துல, பஹ்லவில, எபிரேய எழுத்துல இருக்கு. ஒரு தேவாலயத்துக்கான பத்திரத்துல முஸ்லிமும் யூதரும் பாரசீக வணிகரும் சாட்சி. இது நடந்தது நம்ம மேற்குக் கரையில.

இங்கே ஒண்ணைக் குறிச்சு வெச்சுக்கோங்க. முதல் வகைத் தலைமை இதுதான்: வெளியூர்ல இருந்து வந்த சனத்துக்காக, ஊர் ஆளற அரசன்கிட்டப் பேசி உரிமை வாங்கிக் கொடுக்கிறது.

யூத முதலியார்

அடுத்த சங்கதி தமிழ்க் காதுக்கு இன்னும் விசித்திரமா இருக்கும். கொச்சி ராஜா யூதர்களோட தலைவருக்குக் கொடுத்த பட்டம் 'முதலியார்'. சாதிப் பெயர் இல்லை. 'முதல்வர், முதன்மையானவர்'ங்கற பழைய அர்த்தம். லேவி முதலியார், காஸ்டியல் முதலியார்னு ஆளுங்க இருந்திருக்காங்க. சமூகத்துக்குள்ள வர்ற சின்ன வழக்குகளைத் தீர்க்கிறதும் அவர் பொறுப்பு.

1568ல மட்டாஞ்சேரியில அரண்மனைக்கு ஒட்டினாப்ல பரதேசி ஜெப ஆலயம் கட்டினாங்க. ராஜாவோட கோயிலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு மதில்தான். 'பரதேசி'ங்கறதையும் நம்ம அர்த்தத்துல எடுக்காதீங்க, பிச்சைக்காரன் இல்லை, பிற தேசத்துக்காரன். ஸ்பெயின், போர்ச்சுகல்ல இருந்து விரட்டப்பட்டவங்களும் மத்தியக் கிழக்குல இருந்து வந்தவங்களும் அதுல அடக்கம். அவங்களுக்கு ரொம்ப முன்னாடியே மலபார்ல இருந்த யூதர்களை 'மலபாரி யூதர்கள்'னு சொல்வாங்க. எண்ணிக்கையில அவங்கதான் அதிகம். வெள்ளைக்காரங்க எழுதினப்ப முதல் கூட்டத்தை 'வெள்ளை யூதர்', ரெண்டாவதைக் 'கறுப்பு யூதர்'னு எழுதிட்டாங்க. அந்தச் சொல் எவ்வளவு விஷம்னு கொஞ்ச நேரத்துல பார்ப்போம்.

1662ல போர்த்துகீசியர் அந்த ஆலயத்தை நாசம் பண்ணினாங்க, யூதர்கள் டச்சுக்காரங்களுக்கு உதவினாங்கன்னு. அடுத்த வருஷமே டச்சுக்காரங்க கொச்சியைப் பிடிச்சுட்டாங்க, ஆலயம் மறுபடி எழுந்துச்சு. டச்சுக் காலத்துல பெரிய தலை எசக்கியேல் ரகபி (1694–1771). டச்சுக் கம்பெனிக்கு மிளகு வாங்கிக் கொடுக்கிற வணிகர். வியாபாரத்தோட நிக்காம, திருவிதாங்கூர் ராஜாகிட்டயும் சாமூதிரிகிட்டயும் தூது போனவர். இன்னைக்கு டூரிஸ்ட்டுங்க போட்டோ எடுக்கிற அந்த மணிக்கூண்டும், தரையில இருக்கிற நீல வெள்ளைச் சீன ஓடுகளும் அவர் உபயம்.

நம்ம சென்னையிலயும் ஒரு துணுக்கு இருக்கு. 1688 செப்டம்பர் 29ல மதராஸ் மாநகராட்சி தொடங்கினப்ப 12 ஆல்டர்மேன்கள். அதுல மூணு பேர் யூத வணிகர்கள். பவளம் கொண்டு வந்து வித்து, கோல்கொண்டா வைரம் வாங்கிப் போனவங்க. ரிப்பன் மாளிகையில இன்னைக்கு உக்காந்திருக்கிற அமைப்போட முதல் நாள் வருகைப் பதிவுலயே யூதர்கள் இருக்காங்க.

படியில உக்காந்தவர்

இதுவரைக்கும் சொன்னது பெருமைக் கதை. பள்ளிப் பாடப் புத்தகத்துல போடலாம். 'இந்தியா யூதர்களைக் கொடுமைப்படுத்தாத நாடு'ன்னு அடிக்கடி சொல்றோமே, பெரும்பாலும் உண்மைதான். ஆனா கொச்சி யூதர்கள் நம்மகிட்ட இருந்து ஒரு சமாச்சாரத்தை நல்லாக் கத்துக்கிட்டாங்க. என்னன்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. சாதி.

பரதேசி சமூகத்துல அடிமைகளா இருந்து விடுவிக்கப்பட்டவங்களோட வழிவந்தவங்களை 'மெஷுஹ்ராரிம்'னு சொன்னாங்க. எபிரேயத்துல 'விடுதலை பெற்றவர்கள்'. விடுதலை பெயர்ல மட்டும்தான். பரதேசி ஆலயத்துக்குள்ள பெஞ்சுல உக்காரக் கூடாது, வெளி அறையில தரையில, படியில. தோரா வாசிக்க மத்தவங்க மாதிரிக் கூப்பிட மாட்டாங்க. கல்யாண சம்பந்தம் கிடையாது. செத்தா புதைக்கிற இடமும் தனி. அதே கடவுள், அதே மொழி, அதே வேதம், அதே தெரு.

அந்தப் படியில வளர்ந்த ஒரு பையன்தான் ஆபிரகாம் பராக் சலேம். 1882ல பிறந்தவர். இங்கிலீஷ்ல எழுதினா நம்ம மாம்பழ சேலத்தோட அதே ஸ்பெல்லிங், அவ்வளவுதான் தொடர்பு. எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில படிச்சார். அப்புறம் சென்னைக்கு வந்து பட்டமும் சட்டமும் முடிச்சார். திரும்பிப் போய் எர்ணாகுளத்துல வக்கீல். 1925ல கொச்சி சமஸ்தானத்துச் சட்டசபை தொடங்கினப்ப அதுல உறுப்பினர், 1931 வரை. மறுபடி 1939ல இருந்து 1945 வரை. தொழிற்சங்கம் கட்ட உதவினார். 1929 டிசம்பர்ல லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார், முழு சுதந்திரத் தீர்மானம் போட்ட அதே மாநாடு.

இப்ப நிலைமையை யோசிச்சுப் பாருங்க. சட்டசபையில திவானுக்கு எதிரா எழுந்து பேசற ஆளு. கோர்ட்ல நீதிபதி முன்னாடி நிக்கிற ஆளு. சனிக்கிழமை தன்னோட சொந்த ஆலயத்துக்குப் போனா, உக்கார பெஞ்சு இல்லை.

அவர் என்ன பண்ணினார்? தனி ஆலயம் கட்டிக்கிட்டுப் போகலை, மதம் மாறலை. காந்தி வழியை எடுத்தார். உண்ணாவிரதம், புறக்கணிப்பு, வாசல்ல உக்காந்து எதிர்ப்பு. ஜெப ஆலயத்துக்குள்ள சத்தியாக்கிரகம். அதனாலதான் அவரை 'யூத காந்தி'ன்னு சொல்றாங்க.

இந்தக் காலகட்டத்துல அக்கம்பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. 1924ல எர்ணாகுளத்துக்குத் தெற்கே வைக்கம். கோயிலைச் சுத்தி இருக்கிற தெருவுல நடக்கிற உரிமைக்காகச் சத்தியாக்கிரகம். அதுக்கு நம்ம ஈரோட்டுல இருந்து பெரியார் கிளம்பிப் போய் ஜெயிலுக்கும் போனார். தெருவுல நடக்க ஒரு போராட்டம், பெஞ்சுல உக்கார ஒரு போராட்டம். சலேம் யூத வேதத்துல இருந்தும் பேசினார், அந்தக் காலத்துக் காத்துல இருந்தும் பேசினார்.

பலன் ஒரே நாள்ல வரலை. 1930கள்ல பின்பக்கம் உக்கார இடம். 1940கள்லதான் தோரா வாசிக்கிற உரிமை. 1950ல சலேமோட மகன் பால்ஃபரும் வெள்ளை யூதர்னு சொல்லப்பட்ட கோடர் குடும்பத்துப் பொண்ணும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கொச்சியில முடியாம பம்பாயில நடந்துச்சு. ஊர்ல பெரிய எதிர்ப்பு. கல்யாணத்துக்கு ஊரை விட்டுப் போறதுங்கறது நமக்குப் புதுக் கதையா என்ன? கௌசல்யா – சங்கர் நடந்த உடுமலை இங்கிருந்து எவ்வளவு தூரம்?

ரெண்டாவது வகைத் தலைமை இது. அரசன்கிட்ட உரிமை கேக்கிறதைவிட இது கஷ்டம். சொந்த ஆளுங்ககிட்டயே கேக்கணும்.

போறதா, இருக்கிறதா

சலேம் மகனுக்கு வெச்ச பெயரைக் கவனிச்சீங்களா? பால்ஃபர். 1917ல யூதர்களுக்குப் பாலஸ்தீனத்துல ஒரு தேசிய இல்லம்னு அறிக்கை விட்ட பிரிட்டிஷ் அமைச்சரோட பெயர். 1933ல சலேம் பாலஸ்தீனத்துக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து அதைப் பற்றி ஆர்வமாப் பேசினார். இந்திய தேசியமும் சியோனிசமும் அவர் மனசுல ஒண்ணோட ஒண்ணு மோதலை போல. காந்தி அப்படி நினைக்கலை. 1938லயே அரபு மக்களோட நிலத்துல யூத நாட்டைத் திணிக்கிறது சரியில்லைன்னு எழுதினவர் அவர். 'யூத காந்தி'யும் காந்தியும் இந்த ஒரு விஷயத்துல வேற வேற பக்கம்.

1948ல இஸ்ரேல் உருவாச்சு. அப்ப கொச்சி யூதர்கள் மொத்தம் சுமார் 2,500 பேர். பெரும்பாலும் மலபாரி யூதர்கள். அவங்க கிளம்ப முடிவு பண்ணினாங்க. யாரும் விரட்டலை, இதை அழுத்திச் சொல்றேன். ஒரு பக்கம் நூத்தாண்டுகளாச் சொல்லிட்டு வந்த ஜெபம், இன்னொரு பக்கம் வறுமை.

ஆனா போறது சுலபமா இல்லை. கொச்சியில யானைக்கால் நோய் அதிகம். அதைக் கொண்டு வந்துடுவாங்களோன்னு இஸ்ரேல் அதிகாரிகள் பயந்தாங்க. மருத்துவப் பரிசோதனை, தடை, காத்திருப்புன்னு வருஷங்கள் ஓடிச்சு. கிளம்பத் தயாரா இருந்தவங்க பாதி வாழ்க்கையை மூட்டை கட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. எழுபது வயசைக் கடந்த சலேம் 1950கள்ல இஸ்ரேலுக்குப் போய் இவங்களுக்காக வாதாடினார். ஒரு காலத்துல தன்னோட கூட்டத்தைப் படியில உக்கார வெச்ச சமூகத்தோட ஒரு பகுதிக்காகவும் சேர்த்துத்தான். 1954, 55ல பெரும் கூட்டம் கிளம்பிப் போச்சு.

சலேம் போகலை. மத்தவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டு மட்டாஞ்சேரிக்கே திரும்பி வந்தார். 1967ல அங்கேயே இறந்தார். ஆலயத்துக்குப் போற அந்தத் தெருவுக்கு இன்னைக்கு அவர் பெயர்தான். ஏ.பி. சலேம் ரோடு.

கிளம்பினவங்க விட்டுட்டுப் போனதுல ஒண்ணு என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. திருச்சூர் பக்கம் மாளா. அங்கே இருந்த யூதர்கள் கிளம்பறதுக்கு முன்னாடி, 1955 ஜனவரியில, தங்களோட ஜெப ஆலயத்தையும் இடுகாட்டையும் பஞ்சாயத்துக்கிட்ட ஒப்படைச்சாங்க. விக்கலை. ஊர்கிட்ட பொறுப்பாக் கொடுத்தாங்க. 'எங்க செத்தவங்க இங்கே இருக்காங்க, பார்த்துக்கோங்க'ங்கறதுதான் அதோட அர்த்தம். ஒரு ஊர் மேல எவ்வளவு நம்பிக்கை இருந்தா அப்படிச் செய்வாங்க?

போன இடம் எப்படி? நெகேவ் பாலைவனத்துல நெவாத்திம்ங்கற குடியிருப்பு, எருசலேம் பக்கத்து மலையடிவாரத்துல சில கிராமங்கள். உப்பங்கழி, தென்னை, மீன்னு வாழ்ந்தவங்களுக்குப் பாலைவனம். சேந்தமங்கலத்துல பிறந்த எலியாகு பெசலேல் அங்கே போய் ரோஜா வளர்த்து ஏற்றுமதி பண்ணினார். 2006ல இந்திய அரசு அவருக்கு பிரவாசி பாரதிய சம்மான் கொடுத்துச்சு.

இதோட இன்னொரு பாதியையும் சொல்லணும், இல்லேன்னா கதை முழுசாகாது. இவங்க வந்து இறங்கறதுக்குச் சில வருஷம் முன்னாடிதான், 1948 போர்ல, சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடு வாசல் இழந்திருந்தாங்க. கொச்சி யூதருக்கு அது திரும்பின வீடு. இன்னொருத்தருக்கு அது பறிபோன வீடு. ரெண்டும் ஒரே வரைபடத்துல இருக்கு. மாளாக்காரங்க சாவியை ஒரு பஞ்சாயத்துக்கிட்ட நம்பிக் கொடுத்துட்டுப் போனாங்க. பாலஸ்தீனக் குடும்பங்கள் பலது சாவியைக் கையில எடுத்துட்டுப் போய், இன்னைக்கும் வெச்சிருக்கு. இந்த ரெண்டு சாவியையும் சேர்த்து நினைக்காம இஸ்ரேல் பற்றிப் பேசினா, நாம வாட்ஸ்அப் ஃபார்வர்டுதான் பேசறோம்.

இருந்தவங்க

இருந்த சிலர்ல முக்கியமானவர் எஸ். கோடர். கொச்சிக்கு மின்சாரமும் படகுப் போக்குவரத்தும் கொண்டு வந்ததுல அவர் குடும்பத்துக்குப் பங்கு உண்டு. 1968ல ஆலயத்தோட 400ஆவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால் தலையும் வெளியிட்டாங்க. அன்னைக்கு இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் முழு தூதரக உறவுகூட இல்லை, அது 1992லதான். வெளியுறவுக் கொள்கை ஒரு பக்கம், ஊர்க்காரங்க விழா ஒரு பக்கம்னு பிரிச்சுப் பார்க்கிற தெளிவு அன்னைக்கு இருந்துச்சு.

தலைவர்கள்னு சொன்னதும் எல்லாம் ஆம்பளைங்களா வந்துட்டாங்க பாருங்க. ஜெப ஆலயத்துல பெண்களுக்கு மாடிதான். ஆனா மலையாளத்துல யூதப் பாட்டுகளை நோட்டுல எழுதி, தாய்ல இருந்து மகளுக்குக் கடத்தினது பெண்கள். சலேமோட அதே பிரிவுல, 1912ல பிறந்த ரூபி டேனியல் பின்னாடி இஸ்ரேல் போய், தன் நினைவுகளை 'ரூபி ஆஃப் கொச்சின்'னு புத்தகமாக் கொண்டு வந்தாங்க. படியில உக்காந்தவங்க கதை வெளியே தெரிஞ்சதுல அவங்க பங்கு பெரிசு. கோடரோட மகள் குவீனி ஹல்லேகுவா கடைசிக் காலத்துல ஆலயத்தைப் பார்த்துக்கிட்டாங்க. 2024 ஆகஸ்ட்ல அவங்களும் போயிட்டாங்க. ஜெபம் நடத்தப் பத்து ஆம்பளைங்க வேணும்ங்கறது யூத முறை. மட்டாஞ்சேரியில அந்தப் பத்துப் பேர் இல்லாமப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு.

நமக்கு இதுல என்ன?

திருப்பூர்ல இன்னைக்கு ஒடிசா, பீகார், ஜார்கண்ட்ல இருந்து வந்தவங்க இல்லாம ஒரு நிட்டிங் மிஷின் ஓடாது. 2023 மார்ச்ல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோ பரவிச்சு. ரயில்ல கூட்டம் கூட்டமாக் கிளம்பினாங்க. பீகார்ல இருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து விசாரிச்சுது. அப்ப நான் எனக்குள்ள கேட்ட கேள்வி ஒண்ணுதான். இந்தச் சனத்துக்காகப் பேச, இந்த ஊர்ல அவங்களோட ஆளு யார்? பனியன் கம்பெனி முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கு. நமக்கு எல்லாச் சாதிக்கும் சங்கம் இருக்கு, மண்டபம் இருக்கு. நேத்து வந்தவனுக்கு?

ஆயிரம் வருஷம் முன்னாடி ஒரு சேர அரசன், கடல் தாண்டி வந்த ஒருத்தனைக் கூப்பிட்டு, 'நீ இந்த ஊர்ல இன்னின்ன உரிமையோட இருக்கலாம்'னு செம்புல எழுதிக் கொடுத்தான். வியாபார லாபம்தான் காரணம், சந்தேகமே இல்லை. திருப்பூருக்கும் லாபம்தானே காரணம்? ரேஷன், வாடகை வீடு, பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். இதையெல்லாம் எழுதிக் கொடுக்க நமக்கு இன்னும் மனசு வரலை.

ஆனா அதோட நின்னுடக் கூடாதுன்னு சலேம் சொல்றார். அரசன்கிட்ட 72 உரிமை வாங்கின சமூகம், தன்னோட படியில உக்காந்தவனுக்கு ஒரு பெஞ்சு கொடுக்க நூத்துக்கணக்கான வருஷம் எடுத்துக்கிச்சு. இது அவங்க குறை மட்டும் இல்லை. நம்ம மண்ணோட குறை. அதனால உங்க சங்கத்துத் தலைவர், உங்க வார்டு கவுன்சிலர், உங்க காலேஜ் யூனியன் ஆளு, யாரா இருந்தாலும், அவங்க கலெக்டர் ஆபீஸ்ல எவ்வளவு சத்தமாப் பேசறாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. சொந்த ஆளுங்க நடுவுல, யாருக்குப் பெஞ்சு இல்லைன்னு கேக்கிறாங்களான்னு பாருங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை எர்ணாகுளம் ரயில் ஏறுங்க. மட்டாஞ்சேரியில எல்லாரும் சீன ஓட்டையும் சரவிளக்கையும் பார்ப்பாங்க. நீங்க உள்ளே போறதுக்கு முன்னாடி வெளி அறையில ஒரு நிமிஷம் நில்லுங்க. சட்டசபை உறுப்பினர் ஒருத்தர் உக்கார இடம் கேட்டது அங்கேதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.